மிதித்த பிறகு யோசிக்கும் கார்

என்னிடம் இருக்கும் 1972 ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில், கிளம்புவதில் எந்தத் தொல்லையும் தராது. சாவியைத் திருப்பிய உடனே உயிர்பெறும், ஐடிலிங்கும் சீராக இருக்கும், நேர்சாலையில் ஒரே வேகத்தில் விட்டால் நாள் முழுக்க முணுமுணுக்காமல் ஓடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதும், வளைவில் தணிந்த வேகத்தை மீண்டும் கூட்டும்போதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பெரியவரைப் போல ஒரு கணம் தயங்கி, ‘பொஃப்’ என்று ஒரு சத்தம் கொடுத்த பிறகே இழுக்கும். எழுதிப் பார்த்தால் ஒரு கணம்தான். சிக்னலில் பச்சை விழுந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கும்போது அது முடிவதே இல்லை.

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. என் மனைவியின் தம்பிக்கு உலகில் உள்ள எல்லா வாகனக் கோளாறுகளுக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: “கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிடலாம் மாமா.” பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கருவி அது. டயர் பஞ்சரானபோதும் அவர் இதையே சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம். ஒரு காலத்தில் பீட்டில் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “டைமிங் தம்பி, டைமிங்” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோலச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுவார். சிலிண்டருக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதே டைமிங். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் மட்டும் காரைத் தொடாமலேயே, “முதல்ல வால்வு பாருங்க, அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங், கார்புரேட்டருக்குக் கடைசியாத்தான் வரணும்” என்று வரிசையைச் சொல்லி அனுப்பினார்.

அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனையான பாயிண்ட்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே நகர்ந்துவிடும் என்பதால், டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பாயிண்ட்டைத் தொடுவது வீண் உழைப்பு. இவை எதுவும் சரியில்லாத நிலையில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுபவர், ஒரு குறையை இன்னொரு குறையால் மூடிவைத்து இரண்டையும் தேட முடியாதபடி செய்துவிடுகிறார். எனவே இன்ஜின் முழுவதும் குளிர்ந்த ஒரு விடியற்காலையில் காருக்கு அடியில் படுத்து, வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தேன், பாயிண்ட்டை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். காருக்கு வெளியே என் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்ததைப் பார்த்த பால்காரர், உதவிக்கு யாரையாவது கூப்பிடட்டுமா என்று வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்ததாகப் பிறகு அறிந்தேன்.

டைமிங்கில்தான் போர் மூண்டது. பிஸ்டன் உச்சியை எட்டும் மேல்நிலைக்கு, இன்ஜின் சுழற்சிக் கணக்கில், 5 டிகிரி பிந்தியே தீப்பொறி வர வேண்டும் என்றார் பெரியவர், 7.5 டிகிரி முந்தி வர வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுசென்ற பாவத்துக்கு இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உண்மையில் இருவர் சொன்னதும் சரி, ஏனெனில் இருவரும் வேறு வேறு டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் கருவியை, பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவருடைய காரில் இருந்தது இன்ஜினின் உறிஞ்சுவிசையால் தீப்பொறி நேரத்தை நகர்த்தும் வேக்குவம் குழாய் இரண்டு கொண்ட பழைய வகை; அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தது, சுழலும் எடைகளால் மட்டுமே தீப்பொறியை முந்தச் செய்யும், வேக்குவம் இல்லாத வகை. இந்த இரண்டாவது வகையை மாட்டிய பீட்டில்களில் மிதித்ததும் ஒரு தயக்கம் வருவது பலரும் அறிந்த சங்கதி; எடைகள் விரிவதற்கு இன்ஜின் வேகமெடுக்க வேண்டும், இன்ஜின் வேகமெடுப்பதற்கோ தீப்பொறி முந்த வேண்டும் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு நிற்கும். என் காரில் இருப்பது ஒற்றை வேக்குவம் குழாயுடன் கூடிய மூன்றாவது வகை. அதற்கு ஐடிலிங்கில் உள்ள அளவைவிட, குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு நிமிடத்துக்கு 3500 சுற்றில் பார்க்கும் அளவே முக்கியம். டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தபோது அது 28 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையில் ஒழுங்காக நின்றது.

அந்த உறிஞ்சலில் அசையும் மெல்லிய சவ்வான வேக்குவம் டயாபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், வாய் போதும். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு நகர வேண்டும். பிறகு நாக்கால் முனையை அடைத்தால் தட்டு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதைச் செய்வதற்கு, பின்புற மூடியைத் திறந்து, மண்டியிட்டு, தலையை இன்ஜினுக்குள் நுழைத்து, ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்த ஒரு குடும்பம் நின்று, பார்த்து, குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் கடந்து சென்றது. நாக்கு குழாயில் ஒட்டிக்கொண்டிருந்ததால் நான் விளக்கம் அளிக்கும் நிலையில் இல்லை. டயாபிரத்தில் குறை ஏதுமில்லை.

அடுத்தது காற்றுக் கசிவு. கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டின் நடுக்குழாயும் இரு பக்க வார்ப்புகளும் சேரும் இடங்களில் ரப்பர் பூட்டுகள் இருக்கின்றன. அவை வெடித்தால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவையின் செறிவைக் கெடுக்கும். சூடான இன்ஜின்மேல் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துச் சோதிக்கும் துணிச்சலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஓடும் இன்ஜினில் அந்த மூட்டுகள்மேல் தண்ணீரைத் தெளித்தேன், சுற்று மாறவில்லை.

இனி கார்புரேட்டரின் முறை. என் மைத்துனர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்ற ஆர்வத்தைப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று மிதிக்கும்போது காற்று வழியின் கதவான த்ராட்டில் திறந்து காற்று உடனே பாய்ந்துவிடும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே ஆக்சிலரேட்டர் பம்ப் என்ற சிறு டயாபிரம் ஒரு பீச்சு பெட்ரோலை நேராக உள்ளே தள்ளுகிறது. இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே ஒருவரை மிதிக்கச் சொன்னால், மிதித்த மாத்திரத்தில் மெல்லிய பித்தளைக் குழாயிலிருந்து பெட்ரோல் ஒரே கம்பியாகப் பாய்வது தெரிய வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ குற்றவாளி அங்கேயே பிடிபடுவான்.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், பீட்டிலில் மிதிப்பது முன்னால், பார்ப்பது பின்னால். மிதிக்க என் மனைவியை அமர்த்தியிருந்தேன்.

“மிதி!”

“மிதிச்சாச்சு.”

“விடு! மறுபடியும் மிதி!”

“மிதிக்கணுமா, மிதிச்சுக்கிட்டே இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

பெட்ரோல் கம்பியாகவே பாய்ந்தது. மைத்துனரின் முகம் வாடிவிட்டது. மனைவி இறங்கி வந்து, பெட்ரோல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: “மெதுவா மிதிச்சா இது ஒண்ணுமே பண்றதில்ல. வெடுக்குன்னு மிதிச்சாத்தான். அதுவும் மழை நாள்லதான் ரொம்ப.”

மழை நாள் என்ற அந்தச் சொல்லை இத்தனை நிபுணர்களில் ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. மறுநாள் காற்றில் ஈரம் கனத்திருந்த காலையில் ஒரு சுற்று ஓட்டிவந்து, இன்ஜினை அணைக்காமலேயே பின்மூடியைத் திறந்தேன். கையை வைக்க முடியாத சூட்டில் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, அதன் நட்டநடுவே கார்புரேட்டருக்கு அடியில் இருந்த மேனிஃபோல்டு குழாய் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கழுத்துப் பகுதியில் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு வெண்பனி படர்ந்திருந்தது.

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், ஈரக் காற்று உள்ளே நுழைந்தால் கார்புரேட்டருக்குள் பனி கட்டக்கூடும். பிஸ்டன் இன்ஜின் பொருத்திய சிறு விமானங்களில் கார்புரேட்டரைச் சூடாக்கத் தனி நெம்புகோல் வைத்திருப்பது இந்த அச்சத்தால்தான். தண்ணீரால் குளிரும் இன்ஜின்களில் அந்தச் சுடுதண்ணீரையே மேனிஃபோல்டைச் சுற்றி ஓடவிடலாம். காற்றால் குளிரும் பீட்டிலுக்கு அந்த வசதி இல்லை என்பதால், இன்ஜின் புகையில் ஒரு பங்கை மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக மேனிஃபோல்டின் அடியில் கடத்தி, மறுபக்கம் சைலன்சருக்கே திருப்பி விடுகிறார்கள். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், பம்ப் எவ்வளவு அழகாகப் பீச்சினாலும், பீச்சிய பெட்ரோல் சிலிண்டருக்குப் போகாமல் குளிர்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெதுவாக மிதித்தால் பிழைத்துவிடும், வெடுக்கென்று மிதித்தால் திணறும் என்பதன் பொருள் அதுதான்.

சோதனை எளிது. ஈரத் துணியிலிருந்து அந்தப் புகைக்குழாயின் இடது முனையில் ஒரு சொட்டு விட்டேன். ‘சுர்’ என்று மறைந்தது. வலது முனையில் விட்ட சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

டைனமோவையும் விசிறிக் கூட்டையும் தளர்த்தி, கார்புரேட்டரைக் கழற்றி (மைத்துனருக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது, காத்திருந்த வேகத்தில் அதைக் கழுவியும் வைத்துவிட்டார்), மேனிஃபோல்டை வெளியே எடுத்தபோது, அந்தக் குழாயின் வாயில் கரி கல்லாக இறுகியிருந்தது. குழாயைச் செந்தழலாகக் காய்ச்சினால் கரி தானாக உதிரும் என்று மைத்துனர் கேஸ் டார்ச்சுடன் வந்தார். வெறும் இரும்புக் குழாய்க்கு அது சரியான வைத்தியம்தான். என் காரில் உள்ள 1584 சிசி இரட்டைத் துவார இன்ஜினுக்கோ குழாயின் நடுப்பகுதியைச் சுற்றி அலுமினிய வார்ப்பு இருப்பதால், கரிக்கு முன்னால் வார்ப்பு உருகிவிடும். டார்ச்சை வாங்கி உயரமான அலமாரியில் வைத்தேன். பழைய பிரேக் கேபிள் ஒன்றின் முனையைப் பிரித்து டிரில்லில் மாட்டி, இரு பக்கமிருந்தும் மாறி மாறிக் குடைந்து, இடையிடையே காற்றடித்து ஊதிய பிறகு, மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட்டுகளை மாட்டும்போது, அந்தப் புகைக்குழாய்க்கான துளை அவற்றில் இருக்கிறதா என்று பார்த்தே மாட்டினேன். துளையில்லாத கேஸ்கெட்டை மாட்டினால், குடைந்ததெல்லாம் வீண்.

எல்லாவற்றையும் பூட்டி முதல்முறை கிளப்பியபோது, எஞ்சியிருந்த கரியெல்லாம் இரண்டு வால்குழாய்கள் வழியாகவும் ஒன்றாக வெளியேறியது. அந்த நேரத்தில் சத்தத்தைக் கூர்ந்து கேட்பதற்காக மைத்துனர் வெள்ளைச் சட்டையில் சரியாக அங்கே குனிந்திருந்தார். இம்முறை குழாயின் இரு முனைகளிலும் சொட்டு ‘சுர்’ என்றது. இன்ஜின் சூடேறிய பிறகு வெடுக்கென்று மிதித்தாலும் தயக்கமில்லை. குளிர்ந்த நிலையில் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும் ஒரு சிறு மிச்சம் இருக்கிறது. ஏர் ஃபில்டருக்கு சூடான காற்றைக் கொண்டுவரும் மடிப்புக் குழாய் என் காரில் காணாமல் போய்விட்டதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். குழாய் வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும். மிதிப்பதற்குத் தன் தம்பியையே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார்.