பாஸ்டனின் முப்பது நிமிடம்

2026 பாஸ்டன் மாரத்தானுக்கான தகுதி நேரம் (அதில் ஓட விண்ணப்பிக்க, முன்பே ஒரு மாரத்தானை முடித்திருக்க வேண்டிய நேரம்), 18 முதல் 34 வயது வரையுள்ள ஆண்களுக்கு 2 மணி 55 நிமிடம், பெண்களுக்கு 3 மணி 25 நிமிடம். 80 வயதை எட்டியவர்களுக்கு முறையே 4 மணி 50 நிமிடம், 5 மணி 20 நிமிடம். எல்லா வயதிலும் பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அதே 30 நிமிடம்தான். ஆனால் ஆண்களின் நேரத்தோடு ஒப்பிட்டால், இளையோருக்கு 17 விழுக்காடாக இருக்கும் அந்தச் சலுகை, 80 வயதில் 10 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. இது சமநீதியாக எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்ச நேரத்தை (எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரத்தை) ஓடியவரின் நேரத்தால் வகுத்து விழுக்காடு காணும் முறை இதைவிட மேலானது. 2004இல் டொராண்டோவில், 73 வயதில், 2 மணி 55 நிமிடத்துக்குள் ஓடி முடித்த கனடா ஓட்டக்காரர் எட் விட்லாக்கின் சாதனையின் உயரம் அதில்தான் சரியாகத் தெரியும். எனினும், பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்ததே 1972இல்தான், ஒலிம்பிக் மாரத்தானிலோ 1984இல்தான் என்பதால், முதிய பெண்களுக்கான உச்ச நேரங்கள் மிகச் சிலரின் ஓட்டத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. அவை இன்னும் பலமுறை திருத்தப்பட வேண்டியிருக்கும்.