இ-கிராம் ஸ்வராஜ்: முதலில் ஆரம்ப இருப்பைப் பாருங்கள்

ஊராட்சிக் கணக்குகளை ஏற்றும் மத்திய அரசின் இணையதளமான இ-கிராம் ஸ்வராஜ் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. வவுச்சர் போடுவதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆரம்ப இருப்பைத் தப்பாக ஏற்றிவிட்டால் பின்னால் போடும் எந்தக் கணக்கும் நேராகாது. இந்த ஆண்டின் இறுதி இருப்புதானே அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பு. பிழையும் கூடவே போகும்.

பலரும் பாஸ்புக்கின் கடைசி வரியை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு. ஓர் உதாரணம்: மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் ரூ.4,12,650, ரொக்கப் புத்தகத்தில் ரூ.3,84,078. கொடுத்த செக் ஒன்று, ரூ.27,000, இன்னும் வங்கிக்கு வரவில்லை. அதைக் கழித்தால் பாஸ்புக் பக்கம் ரூ.3,85,650. ரொக்கப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட வட்டி ரூ.1,690-ஐக் கூட்டி, வங்கி பிடித்த கட்டணம் ரூ.118-ஐக் கழியுங்கள். அங்கும் ரூ.3,85,650. ஏற்ற வேண்டிய தொகை இதுதான். அந்தச் செக்கின் தேதி மூன்று மாதம் தாண்டியிருந்தால் அது செல்லாது. தொகையை மறுபடி வரவு வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் தனித்தனியாக இப்படி ஒரு தாள் எழுதி, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான்.

15ஆவது நிதி ஆணைய மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது விதி. தெருவிளக்குச் செலவை அந்தத் தலைப்பில் போட்டுவிட்டு ஆண்டுக் கடைசியில் மாற்றப் பார்ப்பது வீண் அலைச்சல். வேலை ஊராட்சியின் ஆண்டுச் செயல்திட்டத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் பில் வரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பணம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வெண்டர், அதாவது பணம் பெறுபவரின் விவரம்தான். பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஏற்றிய பெயரும் பொருந்த வேண்டும். ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி, சிண்டிகேட் வங்கி, அலகாபாத் வங்கி எல்லாம் 2020 ஏப்ரலில் வேறு வங்கிகளோடு இணைந்தன. பழைய பில் புத்தகத்தில் அச்சடித்த ஐஎஃப்எஸ்சி எண்ணை நம்பாதீர்கள். ரத்து செய்த செக் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பணம் அனுப்பக் கணினியில் செருகும் மின்னணுக் கையெழுத்து டோக்கன் இரண்டு: ஒன்று பணப்பட்டியலைத் தயாரிக்கும் மேக்கருக்கு, மற்றது அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் செக்கருக்கு. இரண்டையும் கடவுச்சொல்லோடு சேர்த்து ஆபரேட்டரின் மேசை டிராயரில் வைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் புத்தகத்தைக் கொடுத்து வைப்பதற்குச் சமம். இதில் சமரசமே கூடாது. பணம் போனால் பதில் சொல்ல வேண்டியவர் டோக்கனுக்கு உரியவர்.

ஆள் மாறும்போது இன்னும் கவனம் தேவை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்படி மாறும் நாளில் முதலில், பாதியில் நிற்கும் பணப்பட்டியல்களை முடியுங்கள், அல்லது ரத்து செய்யுங்கள். பிறகு பழைய டோக்கனை முடக்குங்கள். புதியதைப் பதிவு செய்வது அதற்கு அப்புறம்தான். மேக்கர் கையெழுத்துப் போட்டு, செக்கர் போடாமல் தொங்கும் பட்டியல் ஒன்று இருந்தாலும், அந்த மாதத்துக் கணக்கைப் பாஸ்புக்கோடு ஒப்பிடும்போது இடறும்.