வடக்குச் சுவரிலும் வெயில் உண்டு

தட்பவெப்பத்துக்கு ஏற்ற வடிவமைப்பைக் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, நான் முதலில் பேசுவது சோலார் பேனலைப் பற்றியோ பசுமைச் சான்றிதழ்களைப் பற்றியோ அல்ல, சன்ஷேடைப் பற்றித்தான். வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று மேலைநாட்டுப் பாடநூல்களைப் படித்துவிட்டு வரும் மாணவர்கள், சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் வடபுறமாகவே கடக்கிறது என்பதை, அட்டை மாதிரியில் நிழலை அளந்து பார்த்த பிறகே ஏற்கிறார்கள். ஜூன் 21 உச்சிவேளையில் அது அடிவானிலிருந்து சுமார் 80 பாகை உயரத்தில் நிற்பதால், அந்த நேரத்து வெயிலுக்கு வடக்கு ஜன்னலில் ஒன்றரை அடி சன்ஷேடே தாராளம்.

மேற்குச் சுவர்தான் வில்லங்கம் பிடித்தது. மாலை வெயில் தாழ்ந்து வந்து நேராக உள்ளே நுழைவதால், அங்கே சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் பயன் குறைவு. செங்குத்துத் தடுப்போ, துளைகள் விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். படிக்கட்டையும் ஸ்டோர் ரூமையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் பாதித் தொல்லை தீரும் (தென்மேற்கில் படுக்கையறை வேண்டும் என்று வாஸ்து பேசும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!).

முகப்புப் படத்தை மெருகேற்றிக் கொண்டுவரும் மாணவரிடம், மே மாத மாலை 4 மணி நிழலைக் குறித்த குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்பதும், அது வரும்வரை மதிப்பெண் போடாதிருப்பதும் என் வழக்கம்.