சிவப்பு வட்டம்

ஆழ்துளைக் கிணறுகளில் அளந்த சூட்டை வைத்து, பூமிக்குள் எங்கே சூடு அதிகம் என்று காட்டும் வரைபடம் ஒன்றை இந்தியா முழுவதற்கும் தயாரித்துக்கொண்டிருந்தோம். அதில் குஜராத்தின் காம்பே படுகை ஓரமாக ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அந்த வட்டத்தின் நடுவில் கிலோமீட்டருக்கு 98 டிகிரி! குஜராத்தின் அந்தப் பகுதி இயல்பாகவே சூடு கூடியது என்று எல்லோரும் படித்திருந்ததால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குப் பெருமைதான் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, கூடப் பணிபுரிந்த அக்கா ஒருவர் கேட்டார்: "இந்தக் கிணற்றோட ஆழம் அடியிலயா, மீட்டர்லயா?" அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஏற்கெனவே மீட்டரில் இருந்த எண்ணை அடி என்று நினைத்து 0.3048-ஆல் பெருக்கி வைத்திருந்தேன். ஆழம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதனால் கிலோமீட்டருக்கான சூடு மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. திருத்தியதும் 30 டிகிரி. வட்டம் காணாமல் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிணற்றின் கணக்கையும் தோண்டித் துருவ ஆரம்பித்தேன். துளையிடும்போது சேற்றுக்குழம்பு சுற்றி வந்து பாறையை ஆற்றிவிடும். கையோடு எடுத்த அளவு உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்ற குறிப்பு இருந்தால்தான் திருத்த முடியும். பல கிணறுகளுக்கு அது இல்லை.

தரையின் சூட்டைக் காட்டும் செயற்கைக்கோள் படமும் லேசுப்பட்டதல்ல. வெந்நீர் ஊற்றுகள் உள்ள லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் அதைக் கடப்பதோ காலை வேளையில். வெயில் பட்ட கரும்பாறைச் சரிவெல்லாம் வெந்நீர் ஊற்றுபோலவே ஜொலிக்கும். இரவில் எடுத்த படம் கிடைத்தால்தான் எனக்கு நிம்மதி.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கிணறுகள் இருக்கும் இடம். அவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் தேடித் தோண்டியவை; சூடு தேடித் தோண்டியவை சொற்பம். நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம். மென்பொருளுக்கு அதெல்லாம் கவலையில்லை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து அழகாக வண்ணம் பூசிவிடும்.

ஆகவே கடைசிப் பதிப்பில், 50 கிலோமீட்டருக்குள் கிணறே இல்லாத இடங்களைச் சாம்பல் நிறமாக்கினேன். கூட்டத்தில் மேலதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி நாடு சாம்பலா இருக்கேப்பா?"

"ஆமாம் சார்" என்றேன்.