கைதில் பிழை, சோதனையில் பிழை: இரண்டும் ஒன்றல்ல

போலீஸ் விதியை மீறினால் வழக்கே விழுந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அது கைதுக்கு ஓரளவு பொருந்தும். சோதனைக்கு அநேகமாகப் பொருந்தாது.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(1). "வாயால் சொல்லிட்டோம்" என்பது இனி எடுபடாது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாளைக் கையில் வாங்கியதும் படியுங்கள். "சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாவார்" என்று மட்டும் இருந்தால் அது யாருக்கும் ஒட்டவைக்கக்கூடிய வாசகம். இவர் என்ன செய்ததாகச் சந்தேகம் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிமாண்ட் நிற்காது. ஆனால் காரணத்தை முறையாகக் கொடுத்துவிட்டு போலீஸ் மறுபடி காவல் கேட்கலாம்; வழக்கும் அப்படியே நடக்கும்.

அடுத்து, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22(2). பயண நேரம் இதில் சேராது. சண்டை வருவது கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதில்தான். "சும்மா விசாரணைக்கு" என்று காலையில் கூட்டிப்போய், கைது மெமோவில் இரவு நேரத்தைப் போடுவது பழைய வித்தை. அமலாக்கத்துறை வழக்கு ஒன்றில் ஒருவரை மார்ச் 5 காலை 11 மணிக்குத் தங்கள் பிடியில் எடுத்தார்கள். கைது எழுதியது நள்ளிரவு தாண்டி 1.15க்கு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது மார்ச் 6 பிற்பகல் 3 மணிக்கு. பிடித்த நேரமே கணக்கு, ஆகவே கைது சட்டவிரோதம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஆளை அழைத்துப்போன நேரத்துக்குச் சாட்சி வையுங்கள். தெரு கேமரா, போன் அழைப்புப் பட்டியல் எல்லாம் உதவும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனுப் போடுங்கள், தாமதித்தால் அழிந்துவிடும்.

சோதனைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். நிறையச் சொல்கிறது. பிரிவு 103 அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது, 105 வீடியோ பதிவைக் கேட்கிறது. வாரண்ட் இல்லாமல் நுழைந்தால், ஏன் என்று எழுதிய குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்கிறது 185. இதையெல்லாம் மீறினாலும், சோதனை சட்டவிரோதம் என்பதற்காக மட்டும் சாட்சியம் தள்ளப்படாது. 1973இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு இது. பெரிய விலக்கு போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50. உடல் சோதனையை கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் நடத்தக் கேட்கலாம் என்று அந்த ஆளிடம் சொல்லியே ஆக வேண்டும். கையில் இருந்த பைக்கு இது செல்லாது, பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

எனவே சோதனையின்போது கவனம் மகஜர் (எடுத்த பொருட்களைப் பட்டியலிடும் ஆவணம்) மேல் இருக்கட்டும். எடுத்த போனின் ஐஎம்இஐ எண், பணமென்றால் நோட்டு வாரியாகத் தொகை, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் எழுதியிருக்கிறதா பாருங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.