மாகாண அரசும் சமூக நலனும்: தேர்வுக்குப் படித்த விதம்

தென்னாப்பிரிக்காவில் பொது நிர்வாகமோ சமூகப் பணியோ படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எப்படியும் வந்து சேரும்: சமூக நலன், வேலைவாய்ப்பு, சமூக சேவைகள் ஆகியவற்றை மாகாண அரசு எப்படி நடத்துகிறது? துறைகளின் பெயரை வரிசையாக எழுதிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எழுதினால் தேறலாம், நல்ல மதிப்பெண் கிடைக்காது. டர்பனில் படித்தபோது இந்தப் பாடத்தை நான் கையாண்ட விதத்தைச் சொல்கிறேன்.

துறைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டேன். அறுபது வயது தாண்டிய பாட்டி, தொழிற்சாலை வேலை போன மகன், கிரெஷுக்கு, அதாவது மழலையர் பராமரிப்பு மையத்துக்கு, போகும் பேத்தி. இவர்களுக்கு வரும் ஒவ்வொரு உதவிக்கும் மூன்றே கேள்வி: சட்டம் யாருடையது, பணம் யாருடையது, போய் நிற்கும் கவுன்டர் யாருடையது? மூன்றுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். தேர்வாளர் பார்ப்பதும் அதைத்தான்.

முதலில் பாட்டி. அவர் பென்ஷன் என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை மாகாணத்துடையது அல்ல. அதைக் கொடுப்பது சாசா (SASSA) எனும் தேசிய சமூகப் பாதுகாப்பு முகமை. சாசாவுக்கு ஒவ்வொரு மாகாணத்திலும் வட்டார அலுவலகம் இருப்பதால், அது மாகாண அமைச்சருக்குக் கட்டுப்பட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இல்லை, அது தேசியத் தலைமைக்கே பதில் சொல்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையை மாநில வருவாய்த் துறை கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதை எழுதினால் பதிலே வேறு தரத்துக்குப் போய்விடும். இனஒதுக்கல் காலத்தில் இனவாரியாகவும், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய ஹோம்லேண்ட் பகுதிகள் வாரியாகவும் 14 நலத்துறைகள் இருந்தன. 1984 முதல் இனத்துக்கு ஓர் அவை என்று மூன்று அவை நாடாளுமன்றம் இயங்கிய காலத்தில் இந்தியர்களின் நலன் தனியாக அவர்களுக்கான அவையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸின் கீழ் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1994-க்குப் பிறகு இவை ஒன்றாயின. 1996-இல் உதவித்தொகை நிர்வாகத்தை மண்டேலா மாகாணங்களிடம் ஒப்படைத்தார். ஊனமுற்றோர் உதவித்தொகை தொடர்பாக லிம்போபோ மாகாணத்திலிருந்து போன மஷாவா வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் அந்த ஒப்படைப்பு செல்லாது என்றது. உதவித்தொகைக்கு நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும், மாகாணத்துக்கு ஒரு மாதிரி இருக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான சாசா, 2006 ஏப்ரல் 1 முதல் பொறுப்பேற்றது.

அப்படியானால் மாகாணத்திடம் என்ன மிச்சம்? சேவைகள். அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையில் சமூக நலச் சேவைகள், சுகாதாரம், வீட்டுவசதி, உயர்கல்வி நீங்கலான கல்வி ஆகியவை இருக்கின்றன. இவற்றில் தேசிய அரசும் மாகாணமும் இரண்டுமே சட்டம் இயற்றலாம். நடைமுறையில் பெரும்பாலும் தேசிய சட்டம், மாகாணச் செயல்பாடு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சமூக மேம்பாட்டுத் துறைக்கு ஓர் எம்.இ.சி., அதாவது மாகாண அமைச்சர், பொறுப்பு. பாட்டியை வீட்டில் வந்து பார்க்கும் பராமரிப்பாளர், போதை மறுவாழ்வு, குழந்தைப் பாதுகாப்பு எல்லாம் இந்தப் பக்கம் வருகின்றன.

ஆனால் அந்தப் பராமரிப்பாளர் அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சேவை தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் போகிறது. துறை மானியம் தருகிறது. சாட்ஸ்வொர்த்தின் ஆரியன் பெனவலன்ட் ஹோம் மாதிரி நம் சமூகமே ஆரம்பித்த இல்லங்கள் அரசு நம்மைக் கண்டுகொள்ளாத காலத்தில் பிறந்தவை. மானியம் போதுமா என்ற கேள்வி ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நீதிமன்றம் வரை போனது. தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு தொடுத்த நவோங்கோ வழக்கில் 2010-இல் உயர் நீதிமன்றம் மாகாணத்தின் நிதிக் கொள்கை சரியில்லை, திருத்து என்றது. தொண்டு நிறுவனங்கள் செய்வது அரசு செய்ய வேண்டிய கடமை. அதை இனாம் போல நடத்த முடியாது. என் பார்வையில் இந்தப் பாடத்திலேயே முக்கியமான வழக்கு இதுதான். பாடக்குறிப்புகளில் ஏனோ ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

பேத்திக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். குழந்தைப் பாதுகாப்புச் சேவைக்கும், குழந்தைகள் பராமரிப்பு இல்லங்களுக்கும் எம்.இ.சி. நிதி தந்தே ஆக வேண்டும். கிரெஷுக்குத் தரலாம், அவ்வளவுதான். பட்ஜெட் இறுகும்போது முதலில் எது வெட்டுப்படும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். இன்னொன்று: 2022 ஏப்ரல் முதல் கிரெஷ் உள்ளிட்ட மழலைப் பருவ மேம்பாடு சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து கல்வித் துறைக்குப் போய்விட்டது. சீனியர்களிடம் வாங்கிய பழைய நோட்ஸில் இது இருக்காது.

வேலை போன மகனுக்கு மாகாணம் நேரடியாகச் செய்வது குறைவு. தொழிலாளர் விவகாரம் அந்த அட்டவணையிலேயே இல்லை, ஆகவே தேசிய அரசுடையது. வேலை தேடுவோர் போகும் லேபர் சென்டர், வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப். இரண்டும் தேசியத் தொழிலாளர் துறையின் கீழ். யு.ஐ.எஃப்.-க்குச் சம்பளத்தில் தொழிலாளி 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம் கட்டுகிறார்கள். மாகாணம் உள்ளே வருவது 2004-இல் தொடங்கிய இ.பி.டபிள்யூ.பி. எனும் பொதுப்பணித் திட்டத்தில். சாலை போடுவது மட்டுமல்ல, அதற்குச் சமூகத் துறைப் பிரிவும் உண்டு. வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்கு அதன் வழியாகவும் கூலி கிடைக்கலாம். நலனும் வேலைவாய்ப்பும் ஒரே ஆளிடம் சந்திக்கும் இந்த இடத்தைப் பதிலில் கட்டாயம் காட்டுங்கள். அந்தக் கூலி குறைவு, வேலை நிரந்தரமில்லை என்ற விமர்சனத்தையும் கூடவே எழுதுங்கள்.

நிதிப் பகுதி சுருக்கமாகப் போதும். மாகாணத்தின் சொந்த வருமானம் மிகக் குறைவு. தேசிய வருவாயிலிருந்து ஒரு சூத்திரத்தின்படி பிரிக்கப்படும் சமபங்கு எனும் ஒதுக்கீடு வருகிறது; அந்தச் சூத்திரத்தில் கல்விக்கு 48, சுகாதாரத்துக்கு 27 சதவீத எடை. சமூக நலச் சேவைக்கென்று தனி எடை கிடையாது. வறுமைக்கு 3 சதவீதம்தான். இந்த எண்கள் மாகாணம் எதற்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்துவதில்லை, பங்கைக் கணக்கிட மட்டுமே என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், கேள்வியின் கடைசி வார்த்தையைப் பாருங்கள். ‘விவரி’ என்றால் குடும்பத்தைப் பின்தொடர்ந்து மூன்று கேள்விக்கும் பதில் எழுதினால் சரி. ‘மதிப்பிடு’ என்றால் கட்டமைப்பை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை மஷாவாவுக்கும் நவோங்கோவுக்கும் கொடுங்கள். மாகாண சமூக மேம்பாட்டுத் துறையின் ஆண்டுச் செயல்திட்டம் பொதுவில் கிடைக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். தொண்டு நிறுவன மானியம் எவ்வளவு, துறையின் சொந்தச் சம்பளச் செலவு எவ்வளவு என்ற இரண்டை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.