மலைநாட்டுக்குப் போன மரியாள்

மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு பேருந்தேறிய அத்தை, பர்லியாறு தாண்டியதும் பையில் சால்வையைத் தேடினார். மறுநாள், கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, உதகை தூய ஸ்தேவான் ஆலயத்தில் ஆராதனைக்கு உட்கார வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

1829 ஏப்ரல் 23 அன்று சென்னை ஆளுநர் லஷிங்டன் அடிக்கல் நாட்டிய அந்த ஆலயத்தின் உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றி மலையேற்றப்பட்டவை. அவற்றின் கீழே அமர்ந்து, வேதாகமத்தில் லூக்கா முதலாம் அதிகாரத்திலுள்ள, இயேசுவின் தாய் மரியாளின் பாட்டை வாசிக்கக் கேட்டபோது, 'பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி' என்ற வரியில் என் பார்வை தானாகவே மேலே போயிற்று. திப்பு போனார், அவரை வீழ்த்தி மரத்தைக் கொண்டுவந்தவர்களும் போய்விட்டார்கள், நாசரேத்து ஊர்ப் பெண்ணொருத்தியின் பாட்டு மட்டும் அங்கே தமிழில் ஒலித்துக்கொண்டிருந்தது.

சீர்திருத்த சபையாராகிய நாங்கள் மரியாளிடம் ஜெபிப்பதில்லை. ஆனால் அந்த வேறுபாட்டைக் காத்துக்கொள்ளும் அவசரத்தில், அவரைக் கிறிஸ்மஸ் நாடகத்தில் நீலத் துணி போர்த்திய சிறுமியாக மட்டும் விட்டுவைத்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரோ 1521இல் இந்தப் பாட்டுக்குத் தனி விளக்கவுரையே எழுதினார். எனக்கு அந்த அதிகாரத்தில் பெரிதாகத் தெரிவது மரியாள் கேட்ட கேள்வி. முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னபோது, ஆசாரியனாகிய சகரியா, 'இதை நான் எதினால் அறிவேன்' என்று கேட்டு ஊமையானார். இயேசுவைப் பெறுவாய் என்று அதே தூதன் சொன்னபோது மரியாள், 'இது எப்படியாகும்?' என்று கேட்டுப் பதில் பெற்றார். முன்னவர் நம்புவதற்கு அத்தாட்சி தேடினார். பின்னவர் நடக்கப்போவதன் வழியைக் கேட்டு, பிறகு 'உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது' என்றார். கேள்வி கேட்டாலே அவிசுவாசம் என்று சிறுவயதில் அதட்டப்பட்டவன் நான். அதனால் இந்த இடம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

ஆராதனை முடிந்து, வண்ணக் கண்ணாடியில் குழந்தையை ஏந்தி நிற்கும் மரியாளின் எதிரே அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். தூதன் போனபின் மரியாள், கர்ப்பமாயிருந்த சகரியாவின் மனைவி எலிசபெத்தைப் பார்க்க 'மலைநாட்டிலே' ஒரு பட்டணத்துக்குத் தீவிரமாய்ப் போனார் என்ற வசனம்தான் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"நமக்குப் பஸ்ஸு இருந்துச்சு. அந்தப் பிள்ள நடந்துல்லா ஏறியிருக்கும்," என்றார்.

"எலிசபெத்துகிட்ட மூணு மாசம் தங்கிட்டுத்தான திரும்புச்சு, அத்தை."

"பேறுகால வீடுல்லா, வேலை இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசல்படியில் என் கையைப் பிடித்து இறங்கினார்.